பனிப்பொழிவில் டிஷ் சிக்னல் போவது ஏன்? கூரையில் ஏறாமலே சரிசெய்ய என்ன வழி?

நம்ம ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். மேட்ச் கடைசி ஓவரில் இருக்கும். திரை கட்டம் கட்டமாக உடையும், "சிக்னல் இல்லை" என்று வரும். வீட்டில் யாராவது ஒருவர், "மழை விட்டா தானா வந்துடும், விடுங்க" என்பார். மழை விடும், டிவியும் வரும்.

இதே காட்சியைக் கனடாவில் ஒரு ஜனவரி இரவில் நினைத்துப் பாருங்கள். வெளியே மைனஸ் 8 டிகிரி. காலையிலிருந்து பனி கொட்டுகிறது. சாலை திறந்திருக்கிறதா, நாளை பள்ளி உண்டா, மின்சாரம் போகுமா என்பதெல்லாம் டிவியில் ஓடிக்கொண்டிருக்கும்போது படம் நின்றுபோகிறது. இங்கே "விட்டா வந்துடும்" என்று சொல்ல முடியாது. பெய்த பனி டிஷ்ஷிலேயே நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போதுதான் வீட்டில் ஒருவர் ஏணியைத் தேடக் கிளம்புவார். உண்மையான ஆபத்து தொடங்குவது அந்த இடத்தில்தான்.

பனி பெய்தால் சிக்னல் ஏன் போகிறது? எந்தப் பனிக்குப் போகும், எதற்குப் போகாது? ஏணியைத் தொடாமல் என்னென்ன செய்யலாம்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சிக்னல் எங்கிருந்து வருகிறது?

டிவி சேவைக்கான செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்தில் அவை பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், கீழிருந்து பார்க்கும் நமக்கு வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். அதனால்தான் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும்.

இந்த விஷயத்தில் கனடா ஒரு முன்னோடி. 1972 நவம்பரில் ஏவப்பட்ட அனிக் ஏ1 மூலம், உள்நாட்டுத் தகவல் தொடர்புக்கென்றே புவிநிலைச் சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் வைத்த முதல் நாடு ஆனது அது. கேபிள் போட முடியாத வடக்குப் பனிப்பிரதேசங்களுக்கு டிவியும் தொலைபேசியும் கொண்டுபோக வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. 'அனிக்' என்றால் அங்குள்ள இன்யூட் மக்களின் மொழியில் 'தம்பி' என்று பொருள். ஆக, செயற்கைக்கோள் டிவிக்குப் பனி புதிய எதிரி இல்லை. அது பிறந்ததே பனி நாட்டுக்காகத்தான்.

இன்று நகரங்களில் பலர் இணையம் வழியாகவே டிவி பார்க்கிறார்கள். டொரோண்டோவின் ஸ்கார்பரோ, அருகிலுள்ள மார்க்கம், பிராம்ப்டன் என்று தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளிலும் அதுதான் நிலை. ஆனால் நகரத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக, நல்ல இணைய இணைப்பு இல்லாத பண்ணை வீடுகளுக்கும் சிறு ஊர்களுக்கும் கூரை டிஷ்தான் இன்னமும் கைகொடுக்கிறது.

மழைக்குப் போகிற சிக்னல் பனிக்கு ஏன் போவதில்லை?

இங்கேதான் பலருக்கு ஆச்சரியம். கடுங்குளிரில் மாவு மாதிரி உதிரியாகக் கொட்டும் பனி, காற்றில் இருக்கும்போது சிக்னலைப் பெரிதாகத் தொடுவதே இல்லை. சிக்னலை விழுங்குவது தண்ணீர்தான்.

வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலை ஏறக்குறைய 12 ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. அதன் அலைநீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். இது மைக்ரோவேவ் வகை அலை. திரவ நிலையில் இருக்கும் தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடும். அதே தண்ணீர் கட்டியாக உறைந்துவிட்டால் உறிஞ்சுவது மிக மிகக் குறைவு.

சமையலறையிலேயே இதைப் பார்க்கலாம். மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு தம்ளர் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டி அவ்வளவு சீக்கிரம் இளகாது. ஓரத்தில் கொஞ்சம் உருகி நீரான இடம் மட்டும் மளமளவென்று சூடாகும், நடுவில் கட்டி அப்படியே இருக்கும். டிஷ்ஷிலும் அதே கதைதான்.

உலர்ந்த புதுப் பனியில் பெரும்பகுதி காற்று. 10 சென்டிமீட்டர் பனியை உருக்கினால் கிடைப்பது பொதுவாக 1 சென்டிமீட்டர் தண்ணீர். அதுவும் உறைந்த நிலையில் இருக்கும்வரை அலை அதைத் தாண்டி வந்துவிடும்.

ஆனால் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி வரும்போது நிலைமை தலைகீழ். அப்போது விழுவது ஈரப் பனி. அதில் தண்ணீர் கலந்திருக்கும், எதில் பட்டாலும் பசை போல ஒட்டும். சிக்னலையும் விழுங்கும், டிஷ்ஷை விட்டும் நகராது. அதனால் மைனஸ் 20-ல் நன்றாக ஓடிய டிவி, பூஜ்ஜியம் டிகிரியில் நின்றுபோவது அதிசயமே இல்லை. "வெளியே குளிர் குறைஞ்சிருக்கே, இப்போ ஏன் போச்சு?" என்று குழம்ப வேண்டாம். குளிர் குறைந்ததுதான் காரணம்.

அப்படியானால் டிஷ்ஷில் குவியும் பனி பரவாயில்லையா?

அப்படி விட்டுவிடவும் முடியாது. காற்றில் விழும் பனி வேறு, டிஷ் மேல் குவிந்த பனி வேறு. சிக்கல் நான்கு இடங்களில் வரும்.

முதல் இடம், டிஷ்ஷின் வளைவு. டிஷ்ஷுக்கு ஒரே ஒரு வேலை, பரந்து வரும் அலையை ஒரு புள்ளியில் குவிப்பது. அந்த வளைவில் சில மில்லிமீட்டர் பிசகினாலே குவிப்பு கெடும். பனிக்கட்டிக்குள் அலையின் வேகம் கிட்டத்தட்ட பாதியளவுக்குக் குறைகிறது. அலை அந்தக் கட்டிக்குள் நுழைந்து, டிஷ்ஷில் பட்டு, மறுபடி அதன் வழியாகவே வெளியேற வேண்டும். பனிக்கட்டி சீராக, மெல்லியதாகப் படிந்திருந்தால் எல்லா அலையும் ஒரே அளவு தாமதமாகும், பெரிய பாதிப்பு இருக்காது. கீழ்ப்பாதியில் தடியாகவும் மேலே ஒன்றுமில்லாமலும் இருந்தால் ஒரு பகுதி முந்தும், ஒரு பகுதி பிந்தும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

இரண்டாவது இடம், எல்என்பி. டிஷ்ஷுக்கு முன்னால் கம்பியின் நுனியில் இருக்குமே, அந்தச் சிறிய கருவிதான். டிஷ் முழுவதும் வாங்கிய அலை மொத்தமும் அதன் பிளாஸ்டிக் மூடி வழியாகத்தான் உள்ளே போகிறது. டிஷ்ஷின் ஓரத்தில் ஒரு கைப்பிடி பனி இருந்தால் ஒன்றும் ஆகாது. அதே கைப்பிடி ஈரப் பனி எல்என்பி முகத்தில் அப்பிக்கொண்டால் படம் காலி. பலர் டிஷ்ஷை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, "இன்னும் வரலையே" என்று நிற்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது இடம், திசை. 60 சென்டிமீட்டர் டிஷ் வானில் பார்க்கும் அகலம் சுமார் 3 டிகிரிதான். காற்று தள்ளினாலோ, கட்டியின் கனத்தில் தாங்கி வளைந்தாலோ, கூரையிலிருந்து சரிந்த பனி மோதினாலோ டிஷ் கொஞ்சம் திரும்பிவிடும். பனி எல்லாம் உருகிய பிறகும் சிக்னல் திரும்பவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நான்காவது இடம், கேபிள் இணைப்பு. கனெக்டருக்குள் புகுந்த ஒரு துளி நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். அது இணைப்பைத் தளர்த்தும், உருகும்போது இன்னும் கொஞ்சம் நீரை உள்ளே விடும். இப்படியே ஒரு குளிர்காலம் போனால் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும்.

சென்னை டிஷ் கிண்ணம் போல, டொரோண்டோ டிஷ் சுவர் போல!

ஒரு விஷயத்தில் இயற்கை பனி நாட்டுக்காரர்களுக்கு உதவுகிறது. அதுதான் டிஷ்ஷின் சாய்வு.

செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே இருப்பதால், சென்னையிலிருந்து டிடி ஃப்ரீ டிஷ் சிக்னலைப் பிடிக்க வானில் கிட்டத்தட்ட 68 டிகிரி உயரத்தைப் பார்க்க வேண்டும். அதனால் நம் மொட்டை மாடி டிஷ் நன்றாக மல்லாந்து கிடக்கும். டொரோண்டோவில், பெல் நிறுவனத்தின் சேவைக்குப் பயன்படும் நிமிக் செயற்கைக்கோள்களுக்கு 38 முதல் 40 டிகிரி உயரம் போதும். அங்கே டிஷ் தெற்கே பார்த்து நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டு டிஷ்களில் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கும். இந்த அமைப்பால், டிஷ்ஷின் முகம் தான் பார்க்கும் திசையைவிட 20 முதல் 25 டிகிரி வரை குனிந்தே இருக்கும். கணக்குப் போட்டால், டொரோண்டோ டிஷ் செங்குத்திலிருந்து 15, 20 டிகிரிதான் பின்னால் சாய்ந்திருக்கும். ஏறக்குறைய சுவர் மாதிரி. இன்னும் வடக்கே யெல்லோநைஃப் வரை போனால் அனிக் செயற்கைக்கோள் வானில் 19 டிகிரி உயரத்தில்தான் தெரியும். அங்கே டிஷ் செங்குத்தாக, கொஞ்சம் தரையைப் பார்த்தே நிற்கும். பனி தங்க இடமே இருக்காது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அடிவானத்தை ஒட்டிப் பார்க்கும் டிஷ்ஷுக்கு எதிரே மரம், பக்கத்து வீடு, பனிக்குவியல் எல்லாம் குறுக்கே வரும். கோடையில் நிமிர்ந்து நின்ற பைன் மரக்கிளை, பனிக் கனத்தில் வளைந்து டிஷ்ஷின் பார்வையை மறைப்பதும் நடக்கும்.

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

பழைய அனலாக் டிவியில் சிக்னல் குறையக் குறைய புள்ளி புள்ளியாக வரும், ஆனாலும் படம் தெரியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. ஒரு அளவு வரை படம் பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து அடுத்த நொடியே நின்றுவிடும்.

இதனால் ஒரு சிக்கல். டிஷ் கொஞ்சம் திசை பிசகி இருந்தாலும் கோடையில் தெரியவே தெரியாது. படம் நன்றாகத்தான் வரும். ஆனால் கைவசம் இருக்கவேண்டிய உபரி சிக்னல் ஏற்கெனவே செலவாகியிருக்கும். முதல் ஈரப் பனி விழுந்ததும் மிச்சமும் போய்விடும். நாம் பனியைத் திட்டுவோம். பாதித் தப்பு பல மாதம் முன்பே நடந்திருக்கும்.

எனவே பனிக்காலத்துக்கான வேலையில் முக்கால்வாசியைப் பனி வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

அக்டோபரிலேயே செய்துவிட வேண்டியவை

1. செட்டாப் பாக்ஸ் மெனுவில் சிக்னல் அளவு காட்டும் பக்கம் இருக்கும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் அந்த எண்களைக் குறித்து வையுங்கள், அல்லது போனில் படம் எடுத்து வையுங்கள். போன வருடத்தைவிடக் குறைந்திருந்தால் பனிக்கு முன்பே டெக்னீஷியனைக் கூப்பிட்டு டிஷ்ஷைச் சரியாகத் திருப்பச் சொல்லுங்கள்.

2. தாங்கியின் போல்ட், நட்டுகள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கையால் லேசாகத் தள்ளினால் டிஷ் ஆடக் கூடாது.

3. வெளியே உள்ள ஒவ்வொரு கனெக்டருக்கும் தண்ணீர் புகாத ரப்பர் உறை அல்லது ஒட்டும் ரப்பர் டேப் வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டால், நீர் உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

4. டிஷ் இருக்கும் இடத்தைப் பாருங்கள். கூரை விளிம்புக்கு நேர் கீழே இருந்தால் சரியும் பனியும் தொங்கும் ஊசிப் பனிக்கட்டியும் நேராக அதன் தலையில்தான் விழும்.

5. இடம் மாற்ற வாய்ப்பு இருந்தால், தோட்டத்தில் ஒரு கம்பம் நட்டு, கை எட்டும் உயரத்தில், தெற்குப் பக்கம் தடையில்லாமல் வையுங்கள். அந்த ஊரில் வழக்கமாகக் குவியும் பனியின் உயரத்துக்கு மேலே டிஷ் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தரையில் நின்றபடி துடைக்கக்கூடிய டிஷ்ஷுக்கு நிகரான வசதி வேறு எதிலும் இல்லை.

6. பெரிய டிஷ் கிடைத்தால் யோசிக்கலாம். 60 சென்டிமீட்டரிலிருந்து 75-க்குப் போனால் அலை வாங்கும் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். உபரி சிக்னல் கூடும். ஆனால் காற்று தள்ளும் விசையும் அதே அளவு கூடும், தாங்கி உறுதியாக இருக்க வேண்டும்.

படம் நின்றுவிட்டது... முதலில் என்ன செய்யணும்?

கோட்டு, பூட்ஸ் எல்லாம் மாட்டுவதற்கு முன், சோஃபாவில் உட்கார்ந்தபடியே மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, போனது ஒரு சேனலா, எல்லாமா? ஒன்றிரண்டு சேனல்கள் மட்டும் இல்லை என்றால் கோளாறு ஒளிபரப்பு மையத்திலேயே இருக்கலாம். சிக்னலை மேலே அனுப்பும் இடத்திலும் புயல் அடிக்கலாம் இல்லையா?

இரண்டு, பக்கத்து வீட்டில் அதே சேவை இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். அவர்களுக்கும் இல்லை என்றால் உங்கள் டிஷ்ஷைத் துடைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

மூன்று, மின்சாரம் போய் வந்ததா? அப்படியானால் செட்டாப் பாக்ஸை ஒருமுறை அணைத்து, சில நிமிடம் கழித்துப் போடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்து, ஜன்னல் வழியாகப் பார்த்தால் டிஷ்ஷில் பனி தெரிகிறது, டிஷ்ஷும் தரையிலிருந்து எட்டும் உயரத்தில் இருக்கிறது என்றால் மட்டும் வெளியே போங்கள். நீளக் கைப்பிடி கொண்ட மென்மையான பிரஷ் அல்லது துடைப்பம் போதும். முதலில் எல்என்பி முகம், பிறகு டிஷ். மேலிருந்து கீழாக, லேசாக. உலர்ந்த பனி ஒரே வீச்சில் உதிர்ந்துவிடும். கட்டியாக ஒட்டியிருந்தால் சுரண்டவோ தட்டவோ வேண்டாம். டிஷ் நெளிந்தால் அல்லது திரும்பினால், பனியோடு போகவேண்டிய பிரச்சினை கோடை வரை நீளும்.

வீட்டு வைத்தியங்கள்: எது பலிக்கும், எது கெடுக்கும்?

பனி நாடுகளில் டிஷ் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு கைவைத்தியம் இருக்கும். பிரபலமானவற்றைப் பார்ப்போம்.

வெந்நீர் ஊற்றுவது: வேண்டாம். அந்த நேரத்துக்குப் பனி கரையும், படமும் வரலாம். மைனஸ் 10 டிகிரியில் அந்தத் தண்ணீர் சீக்கிரமே கண்ணாடி போன்ற கட்டியாகிவிடும். உதிரிப் பனி இருந்த இடத்தில் இப்போது பாறை. சில்லிட்ட பிளாஸ்டிக் மூடியில் திடீர் வெப்பம் பட்டால் விரிசலும் விடலாம். கீழே வழிந்த நீர் உறைந்து, நீங்களே வழுக்கி விழ வாய்ப்புண்டு.

உப்பு: சாலைக்குப் போடுவதை டிஷ்ஷுக்குப் போடக் கூடாது. உலோகத்தையும் கனெக்டரையும் அரித்துவிடும்.

சமையல் எண்ணெய் ஸ்பிரே: வட அமெரிக்காவில் ரொம்பப் பிரபலம். எண்ணெய் பூசிய பரப்பில் நீர் பரவாமல் முத்து முத்தாக உருண்டு விழும் என்பது உண்மைதான். ஈரப் பனியும் கொஞ்சம் வழுக்கும. ஆனால் சில மழை, பனியிலேயே கழுவிப் போய்விடும், தூசியும் பிடிக்கும். அதைவிடக் காருக்குப் போடும் மெழுகு நிதானமாக நிற்கும். பனிக்காலத்துக்கு முன் சுத்தம் செய்து உலர்ந்த டிஷ்ஷில் பூச வேண்டும். ஆனால் இது ஒட்டுவதைக் குறைக்கும், பனியைத் தடுக்காது.

குப்பைப் பை: டிஷ்ஷைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுவது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதில் அறிவியல் உண்டு. மெல்லிய பாலித்தீன் இந்த அலைகளை மறைப்பதில்லை. காற்றில் படபடக்கும்போது பனி உதிரும். ஆனால் தொய்வாகக் கட்டினால் மடிப்புகளில் ஈரம் தேங்கி நிலைமை மோசமாகும். இதே வேலையை ஒழுங்காகச் செய்யும் துணி உறைகள் கடைகளில் கிடைக்கின்றன.

ஹீட்டர்: டிஷ்ஷின் பின்பக்கம் ஒட்டும் மின்சாரச் சூடேற்றிகள் உண்டு. பெரிய தரை நிலையங்களின் ஆண்டெனாக்களிலும் சூடேற்றும் வசதி வைப்பார்கள். ஆனால் அரைகுறைச் சூடு ஆபத்து. பனியை முழுதாக உருக்கி வழியவிடும் அளவுக்குச் சக்தி இல்லாவிட்டால், உலர்ந்த பனியை அது ஈரப் பனியாக மட்டும் மாற்றும். சும்மா விட்டிருந்தால் ஓடியிருக்கும் டிவி, ஹீட்டர் போட்டதால் நிற்கும்! அதனால் பனி குவிந்த பிறகு போடாமல், பெய்யத் தொடங்கும்போதே போட வேண்டும். வெப்பநிலை பார்த்துத் தானாக இயங்கும் வகை நல்லது. வெளிப்புற மின் இணைப்பைக் கண்டிப்பாக எலக்ட்ரீஷியன்தான் கொடுக்க வேண்டும்.

இணையத்துக்கான ஸ்டார்லிங்க் ஆண்டெனாவில் பனி உருக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. டிவி டிஷ் அப்படியல்ல. அது வெறும் தகடு, தானாகச் சூடாகாது.

உறைமழை வந்தால்...

பனியைவிடக் கொடுமையானது உறைமழை. மேலே மழைத் துளியாக வந்து, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் மரம், கம்பி, டிஷ், ஏணி எதைத் தொட்டாலும் அங்கேயே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். டிஷ்ஷுக்கு நான்கு சிக்கலும் ஒரே நேரத்தில் வருவது இதில்தான்.

2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் டொரோண்டோவை இப்படி ஒரு உறைமழை தாக்கியது. மரங்கள் முறிந்து மின்கம்பிகள் மேல் விழுந்தன. நகரில் சுமார் 3 லட்சம் இணைப்புகளில் மின்சாரம் போனது. கிறிஸ்துமஸ் இருட்டில் கழிந்தது. சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஒரு வாரத்துக்கும் மேலானது. அப்படி ஒரு நாளில் டிஷ்ஷை எவ்வளவு பளபளப்பாகத் துடைத்தாலும் பயன் இல்லை.

கூரையில் ஏறலாமா?

கூடாது. இதில் "பார்த்துப் போனால்" என்பதற்கே இடமில்லை.

பனி மூடிய கூரையில் கால் வைக்கும் இடம் கூரையா, விளிம்பா, கட்டியா என்று தெரியாது. ஏணியின் கால் நிற்பதும் பனி மேல்தான். குளிரில் விரல் மரத்துப் போனால் பிடி இருப்பதாக நினைப்போம், இருக்காது. பக்கத்தில் கட்டி ஏறித் தொய்ந்த மின்கம்பி இருந்தால் இன்னும் மோசம். டெக்னீஷியன்களே இப்படிப்பட்ட நாளில் கூரை வேலையைத் தள்ளிப்போடுவார்கள்.

புதிதாகக் குடியேறியவர்களுக்கு இது முக்கியம். மொட்டை மாடிக்குப் படியேறிப் போய் ஆண்டெனாவைத் திருப்பிப் பழகிய கை நம்முடையது. "மேல இருந்து திருப்புறேன், வருதா பாரு" என்று கத்திய நினைவு பலருக்கும் இருக்கும். அங்கே இருப்பது மொட்டை மாடி அல்ல, சரிவுக் கூரை. கனடாவில் இருக்கும் மகனோ மருமகனோ "டிஷ்ஷைத் துடைக்க ஏறப்போறேன்" என்று போனில் சொன்னால், இங்கிருந்தே ஒரு அதட்டல் போடுங்கள். தப்பில்லை.

எட்டாத உயரத்தில் டிஷ் இருந்தால், வெயில் வரும்வரை காத்திருப்பதுதான் வழி. தெற்குப் பார்த்த டிஷ் என்பதால் வானம் தெளிந்தால் நேர் வெயில் அதன் மேல்தான் விழும். உருகத் தொடங்கும் சிறிது நேரம் ஈரத்தால் சிக்னல் இன்னும் மோசமாகலாம். பதற வேண்டாம், பனி வழிந்து விழுந்ததும் திரும்பிவிடும்.

காத்திருக்கும் நேரத்தில் செய்திக்கு என்ன வழி?

படம் போனால் சீரியலை நாளைக்குப் பார்க்கலாம். புயல் எச்சரிக்கை காத்திருக்காது. அதனால் டிஷ்ஷை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

கனடாவில் 'அலர்ட் ரெடி' என்ற அவசர எச்சரிக்கை முறை 2015 முதல் டிவி, வானொலியிலும், 2018 ஏப்ரல் முதல் கைபேசிகளிலும் வருகிறது. டிஷ் மூடியிருந்தால் டிவி வழி எச்சரிக்கை உங்களுக்கு வராது. கைபேசியை முழு சார்ஜில் வைத்திருங்கள்.

அடுத்தது, சாதாரண டிவி ஆண்டெனா. டொரோண்டோவில் சிஎன் டவரிலிருந்து உள்ளூர் சேனல்கள் இலவசமாக ஒளிபரப்பாகின்றன. இந்த அலைகளில் பெரும்பாலானவற்றின் நீளம் அரை மீட்டர், அதற்கும் மேல். பனியோ மழையோ இவற்றைப் பெரிதாகப் பாதிக்காது. ஜன்னலோரம் வைக்கும் ஒரு சிறு ஆண்டெனா பல இடங்களில் போதும். கோபுரத்திலிருந்து தூரமாக இருப்பவர்களுக்குத்தான் பெரியது வேண்டும்.

மின்சாரமே போய்விட்டால் கடைசித் துணை பேட்டரி ரேடியோதான். பழசு என்று தூக்கிப் போடாதீர்கள்.

பனியே இல்லை, வெயில் அடிக்குது... ஆனாலும் சிக்னல் போகுதே?

பிப்ரவரி கடைசியிலும் மார்ச் முதல் பாதியிலும் சிலர் இப்படிக் குழம்புவார்கள். நல்ல வெயில், டிஷ்ஷில் ஒரு பொட்டுப் பனி இல்லை, பகலில் சில நிமிடம் படம் போகும், தானே வரும். மறுநாளும் ஏறக்குறைய அதே நேரத்தில் போகும்.

அது சூரியனின் வேலை. அந்த நாட்களில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அதன் ரேடியோ இரைச்சல் டிவி சிக்னலை அமுக்கிவிடும். சில நாட்களில் தானாகவே முடிந்துவிடும், மறுபடி அக்டோபரில் வரும். இதற்காக டிஷ்ஷை யாரும் தொடத் தேவையில்லை.

சுருக்கமாகச் சொன்னால்

சிக்னலுக்கு எதிரி தண்ணீர். உலர்ந்த பனி காற்றில் விழும்வரை கவலை வேண்டாம். ஈரப் பனியும் உறைமழையும்தான் கவனிக்க வேண்டியவை. எல்என்பி முகத்தை மறக்காதீர்கள். சிக்னல் அளவை அக்டோபரில் பாருங்கள். டிஷ்ஷை முடிந்தால் தரையிலிருந்து எட்டும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். எட்டாவிட்டால், ஏணியை எடுக்காமல் ரேடியோவைப் போடுங்கள்.

நம்ம ஊர் மழைக்குச் சொல்லும் அதே பதில்தான் அங்கேயும். கொஞ்சம் கூடுதல் பொறுமை மட்டும் வேண்டும். விட்டா தானா வந்துடும்.